பன்னிரண்டு சதவீதம் எடுப்பது எப்படி?

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில் பிஎச்.டி. சேர்ந்துவிட்டு, ஐஐடிக்கும் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜுக்கும் போய்வரத் தோதாக இருக்குமே என்று நந்தனத்தில் ரூம் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் கையேடு. உங்கள் கைடு, "மெமரி கன்ட்ரோலர் பக்கம் ஏதாவது பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு கமிட்டி மீட்டிங்குக்கு டெல்லி கிளம்பியிருப்பார். பயப்பட வேண்டாம். இந்தத் துறையில் சிப் செய்ய வேண்டியதில்லை, சிப்பைக் கையால் தொடக்கூட வேண்டியதில்லை. சிப் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சொல்லும் ஒரு ப்ரோகிராமை எடுத்து, அதற்குள் உங்கள் யோசனையைச் சொருகி, பழைய முறையைவிட 12 சதவீதம் வேகம் என்று ஒரு கிராஃப் போட்டால் போதும்.

ஏன் 12 என்று கேட்பீர்கள். 3 சதவீதம் என்றால் ரிவ்யூவர் கொட்டாவி விடுவார். 40 சதவீதம் என்றால் நிமிர்ந்து உட்காருவார். அது இன்னும் ஆபத்து. 12 என்பது பார்க்கும்போதே உழைத்துச் சம்பாதித்தது போல இருக்கும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் வீட்டு ஓனரைச் சமாளிக்க வேண்டும். நந்தனத்தில் அவர் பெரும்பாலும் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் ரிட்டயர் ஆனவராக இருப்பார். ஃபைல் பார்த்துப் பழகிய கண். கேள்வி கேட்காமல் விடாது.

"என்ன தம்பி, ராத்திரி பூரா லைட் எரியுது?"

"சிமுலேஷன் ஓடுது சார். மெமரி கன்ட்ரோலர்."

"ஓ, சிப்பா? நீயே செய்யறியா?"

"இல்ல சார். சிப் மாதிரி நடந்துக்கற ஒரு ப்ரோகிராம்."

"அப்போ சிப்பு எங்க?"

"அது இல்ல சார்."

"இல்லாத சிப்பை வேகமாக்கறதுக்கா இவ்ளோ கரன்ட் பில்லு?"

இதற்கு வாயால் பதில் சொல்ல முயலாதீர்கள். ஒரு சாயங்காலம் அவரை நந்தனம் சிக்னல் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணா சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் தி.நகரிலிருந்து வெங்கட்நாராயணா ரோடு வந்து முட்டுகிறது, மறுபக்கம் ஆழ்வார்பேட்டையிலிருந்து சேமியர்ஸ் ரோடு. நடுவே நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரரைக் காட்டி, "அவர்தான் சார் மெமரி கன்ட்ரோலர்" என்று சொல்லுங்கள். அண்ணா சாலைக்கு ஒரு முறை வழி விட்டாயிற்று என்றால், பின்னாலேயே வருகிற வண்டிகளையும் அப்படியே தள்ளிவிடுவதுதான் அவருக்கு லாபம். நிறுத்தித் திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் சில நொடிகள் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் போகும். ஆனால் அந்த லாபத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சேமியர்ஸ் ரோட்டில் நிற்பவர் வண்டியிலேயே ரிட்டயர் ஆகிவிடுவார். எப்போது கையைக் காட்ட வேண்டும் என்ற இந்த ஒரு கேள்விக்குத்தான் உலகம் முழுக்க இருபத்தைந்து வருஷமாகப் பேப்பர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஓனர் கேட்டுக்கொண்டு, "இதுக்கு இங்கயே ஒரு சேர் போட்டு உக்காந்து எண்ணிடலாமே" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அப்படிச் செய்தால் 12 சதவீதம் வராது.

இனி விஷயத்துக்கு வருவோம். டிரேம் எனப்படும் மெமரி சிப்புக்குள் பல பேங்குகள். ஒவ்வொரு பேங்கிலும் ஆயிரக்கணக்கான வரிசைகள். ஒரு பேங்கில் ஒரு சமயத்தில் ஒரு வரிசைதான் திறந்திருக்கும். கேட்ட தகவல் திறந்த வரிசையிலேயே இருந்தால், டிடிஆர்3-1600 வகை மெமரியில் 13.75 நானோசெகண்டில் வெளியே வரத் தொடங்கும். வேறு வரிசையில் இருந்தால் முதலில் திறந்திருப்பதை மூட வேண்டும், அப்புறம் வேண்டியதைத் திறக்க வேண்டும், அதன் பிறகுதான் படிக்க முடியும். மூன்றுக்கும் தலா 13.75, மொத்தம் 41.25. அதற்குள் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ராசஸருக்கு 120 சுழற்சிக்கு மேல் போய்விடும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தை நான் இன்னும் சேர்க்கவேயில்லை. உங்கள் பேப்பரின் முதல் பத்திக்கு இது போதும். இரண்டாவது வாக்கியத்தில் 1995இல் வில்லியம் வுல்ஃபும் சாலி மெக்கீயும் "மெமரிச் சுவர்" பற்றி எழுதியதைக் குறிப்பிட்டுவிடுங்கள். எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அந்தக் கட்டுரை சில பக்கம்தான். ஆனாலும் படித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது சிமுலேட்டரைத் தேர்ந்தெடுப்பது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஜேக்கப் குழு 2005இல் டிரேம்சிம்மையும் 2011இல் டிரேம்சிம்2ஐயும் கொண்டுவந்தது. 2012இல் யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து யூசிம் வந்தது. ஜெம்5 என்ற பெரிய சிமுலேட்டருக்குள்ளேயே ஒரு மெமரி கன்ட்ரோலர் மாடலை ஆர்ம் கம்பெனியின் ஆண்ட்ரியாஸ் ஹான்சனும் கூட இருந்தவர்களும் எழுதி 2014இல் வெளியிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் ஓனூர் முட்லு குழுவின் ராமுலேட்டர். 2023இல் அதன் இரண்டாம் பதிப்பு. இவற்றில் எது சிறந்தது என்று ஆராய்ந்து பொழுதைப் போக்காதீர்கள். உங்கள் சீனியர் எதற்கு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டுப் போனாரோ அதுதான் சிறந்தது. பேப்பரில் மட்டும் "பரவலாகப் பயன்படும், சரிபார்க்கப்பட்ட சிமுலேட்டர்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"சரிபார்க்கப்பட்ட" என்ற சொல்லில் ஒரு சௌகரியம் இருக்கிறது. டிரேம்சிம்2, ராமுலேட்டர் இரண்டையும் மைக்ரான் கம்பெனி வெளியிட்ட வெரிலாக் மாடலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அதாவது சிமுலேட்டர் கொடுக்கும் கட்டளைகளை அந்த மாடலுக்குள் அனுப்பி, இரண்டு கட்டளைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி எங்காவது மீறப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். மீறவில்லை. நல்ல வேலை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதிலிருந்து தெரிவது சட்டம் மீறப்படவில்லை என்பது மட்டுமே. உங்கள் மேஜையில் இருக்கும் இன்டெல் மெஷினின் கன்ட்ரோலர் இதே மாதிரிதான் முடிவெடுக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அந்தக் கம்பெனிகள் உள் விவரங்களை வெளியே விடுவதில்லை. எந்த முகவரி எந்த பேங்குக்குப் போகிறது என்பதைக்கூட இன்டெல் தன் ஆவணங்களில் எழுதவில்லை. 2016இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நேரத்தை அளந்து அளந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே "சரிபார்க்கப்பட்ட" என்று எழுதும்போது எதற்கு எதிரே சரிபார்த்தது என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது இந்தக் கையேட்டின் முக்கியமான பகுதி. 12 சதவீதம் உங்கள் யோசனையிலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது வருவது பேஸ்லைனிலிருந்து. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் யோசனைகூடத் தேவைப்படாது.

2000ஆம் ஆண்டு ஸ்காட் ரிக்ஸ்னர், வில்லியம் டேலி முதலானவர்கள் ஒரு எளிய விதியைச் சொன்னார்கள். திறந்த வரிசையில் இருக்கும் கோரிக்கைக்கு முதலிடம்; அப்படி எதுவும் இல்லாவிட்டால் முதலில் வந்தவருக்கு முதலிடம். எஃப்ஆர்-எஃப்சிஎஃப்எஸ் என்று பெயர். நல்ல விதி. ஒரே ஒரு ப்ராசஸர் மெமரியைக் கேட்கும்போது பிரமாதமாக ஓடும். நான்கு கோர்களில் நான்கு வேறு ப்ரோகிராம்கள் ஓடினால், ஒரே வரிசையைத் தொடர்ந்து படித்துக்கொண்டே போகும் ப்ரோகிராம் மற்ற மூன்றையும் பட்டினி போட்டுவிடும். இதைச் சரி செய்ய 2008இல் பார்-பிஎஸ், 2010இல் அட்லஸ், அதே வருஷம் டிசிஎம், 2014இல் பிளிஸ் என்று வரிசையாக வந்தன. பிளிஸ் சொன்னது சின்ன விஷயம்: ஒரே ப்ரோகிராமுக்குத் தொடர்ச்சியாகச் சேவை செய்துகொண்டே போகிறாயா, கொஞ்ச நேரம் அதைக் கறுப்புப் பட்டியலில் வை. அவ்வளவுதான். அதை எழுதிய லாவண்யா சுப்பிரமணியனும் சகாக்களும், எல்லா ப்ரோகிராம்களையும் தரவரிசைப்படுத்தும் சிக்கலான முறைகளுக்கு வன்பொருள் செலவு அதிகம் என்று காட்டினார்கள்.

இந்தப் பட்டியலை நீங்கள் முழுக்கப் படியுங்கள். படித்துவிட்டு 2000இல் வந்த விதியோடு மட்டும் ஒப்பிடுங்கள். மற்றவற்றைத் "தொடர்புடைய ஆய்வுகள்" என்ற பகுதியில் தலா ஒரு வாக்கியம் பாராட்டிவிட்டு நகருங்கள். ரிவ்யூவர் பிடித்துக்கொண்டு பிளிஸோடும் ஒப்பிடச் சொன்னால், அதை நீங்களே மறுபடி எழுதுங்கள். அசல் கோடைத் தேடிப் போக வேண்டாம். நாமே எழுதிய பிளிஸ், பிளிஸ் எழுதியவர்களின் பிளிஸைவிட எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். ஒரு கறுப்புப் பட்டியலை எத்தனை சுழற்சிக்கு ஒரு முறை அழிப்பது என்பதைச் சரியாக வைக்க அவர்களுக்குப் பொறுமை இருந்தது. நமக்கு டெட்லைன் இருக்கிறது.

இந்த வழிக்கு ஆப்பு வைக்கிற மாதிரி ஒரு முறை நடந்திருக்கிறது. தெரிந்துகொள்வது நல்லது. 2012 ஜூனில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் இஸ்கா என்ற கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் மாநாட்டோடு சேர்த்து, மெமரி கன்ட்ரோலர் எழுதுவதற்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். நடத்தியது யூட்டா பல்கலைக்கழகத்தின் ராஜீவ் பாலசுப்பிரமணியன் குழு. ராஜீவ் மும்பை ஐஐடியில் பி.டெக். படித்தவர். யூசிம் சிமுலேட்டரை எழுதியது இந்தப் போட்டிக்காகத்தான். அதன் ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் நம் நாட்டுப் பெயர்கள். போட்டியின் விதி கொடூரமானது. எல்லோருக்கும் ஒரே சிமுலேட்டர், ஒரே ட்ரேஸ்கள் (ப்ரோகிராம்கள் மெமரியைக் கேட்டதன் பதிவுகள்), ஒரே மெமரி அமைப்பு. போட்டியாளர் எழுதித் தருவது ஷெட்யூலரின் சி கோடு மட்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் அடுத்து எந்தக் கட்டளை போகலாம் என்று அது சொல்ல வேண்டும். வேகத்துக்கு ஒரு பரிசு, மின்சக்தியையும் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்து ஒரு பரிசு, வேகத்தோடு நியாயத்துக்கு ஒரு பரிசு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேஸ்லைனை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ப்ரோகிராம்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. ரிஃப்ரெஷை (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) அணைக்க முடியாது. அடுத்தவர் முறையை நீங்கள் சொதப்பலாக எழுதித் தோற்கடிக்க முடியாது. ஏனென்றால் அதை அவரே எழுதிக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். இப்படியெல்லாம் போட்டி வைத்தால் ஒரு துறை எப்படி வளரும்? யூசிம் இப்போதும் கிடைக்கிறது. சின்ன கோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முழுசாகப் படித்துவிடலாம். அதுவே அதன் பெரிய குறை. சிமுலேட்டர் லட்சம் வரி இருந்தால்தான் எந்தக் கேள்விக்கும் "அது சிமுலேட்டரின் இயல்பு" என்று பதில் சொல்ல முடியும்.

பேஸ்லைன் முடிந்ததா? இனி எதையெல்லாம் விட்டுவிடுவது என்று பார்ப்போம்.

ரிஃப்ரெஷ். டிரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கியில் இருக்கிறது. சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லிசெகண்டுக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று புதுப்பித்தாக வேண்டும். அதற்காக 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு ரிஃப்ரெஷ் கட்டளை போகும். 8 கிகாபிட் டிடிஆர்3 சிப்பில் அது ஒவ்வொரு முறையும் 350 நானோசெகண்ட் எடுத்துக்கொள்ளும். வகுத்துப் பாருங்கள், நான்கரை சதவீத நேரம் மெமரி வேறு வேலை செய்யாது. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் இந்த நான்கரை சதவீதம் காணாமல் போய்விடும். உங்கள் யோசனையின் லாபம் மூன்று சதவீதம் என்னும்போது, காணாமல் போனதைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது.

இதில் நம்மூருக்கென்று ஒரு கொசுறு உண்டு. சிப்பின் மேல்பகுதி வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டு மடங்கு வேகத்தில் ரிஃப்ரெஷ் செய்ய வேண்டும் என்பது மெமரிக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி; 7.8 என்பது 3.9 ஆகிவிடும். நான் சொல்வது சிப்பின் வெப்பம், ஊர் வெப்பம் அல்ல. ஆனாலும் கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற ரூமில், ஏசி இல்லாமல் ஒரு டவர் பிசியை ராத்திரி பகலாக ஓட விட்டுவிட்டுப் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். சிமுலேட்டருக்குள் மட்டும் எந்நேரமும் மார்கழி.

எழுதும் கோரிக்கைகள். படிப்பதும் எழுதுவதும் ஒரே டேட்டா பஸ்ஸில்தான் போகின்றன. எழுதுவதிலிருந்து படிப்பதற்குத் திரும்பினால் நடுவே சில நானோசெகண்ட் வீண். அதனால் எழுதுவதைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தீர்ப்பார்கள். யூசிம்மோடு வரும் மாதிரி ஷெட்யூலரில், எழுத வேண்டியது 40 சேர்ந்தால் தீர்க்க ஆரம்பித்து 20 ஆனதும் நிறுத்துவது என்று வைத்திருக்கிறார்கள். ரைட் க்யூ வாட்டர்மார்க் எனப்படும் இந்த 40ஐயும் 20ஐயும் கொஞ்சம் அசைத்தாலே முடிவுகள் சதவீதக் கணக்கில் ஆடும். அதாவது, பல பேப்பர்களின் அறிவுத்திறன் முழுக்க இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும். உங்கள் முறைக்குப் பொருத்தமான எண்களைத் தேடிப் பிடித்து வையுங்கள். பேஸ்லைனுக்கு டிஃபால்ட்டை விட்டுவிடுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கையேட்டில் எங்குமே பொய் சொல்லச் சொல்லவில்லை.

ஃபை. கன்ட்ரோலருக்கும் மெமரி சிப்புக்கும் நடுவே, மின் அலைகளைச் சரியான கணத்தில் அனுப்பிப் பிடிக்கிற அனலாக் சமாச்சாரம். நிஜமாகச் சிப் செய்பவர்களுக்குத் தலைவலி இங்கேதான். சிமுலேட்டரில் அது இல்லவே இல்லை. மகிழ்ச்சி.

அடுத்து எந்தெந்த ப்ரோகிராம்களை ஓட்டுவது. ஸ்பெக் 2006 தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெளியிட்ட அமைப்பே 2018 ஜனவரியில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. அதனால் என்ன, ஓய்வு பெற்றவர்கள்தானே நந்தனத்தில் நமக்குத் துணை. அதில் எம்சிஎஃப், லிப்குவாண்டம், எல்பிஎம், மில்க் நான்கும் மெமரியைப் போட்டு அடிப்பவை. பவ்ரே, கேமஸ் போன்றவை மெமரி பக்கமே எட்டிப் பார்க்காதவை. கன்ட்ரோலரைத் தூக்கிவிட்டு ஆமையை வைத்தாலும் அவற்றுக்குத் தெரியாது. முன்னவற்றை எடுத்துக்கொண்டு பின்னவற்றை விட்டுவிட்டு, "மெமரி சார்ந்த ப்ரோகிராம்களில்" என்று ஒரு சொற்றொடரைச் சுருக்கத்தில் சேர்த்தால் சராசரி தானாக ஏறும். மெஷின் விஷயத்திலும் அப்படித்தான். டிடிஆர்5 தரவிதி 2020 ஜூலையிலேயே வந்துவிட்டது. லேபில் புதிதாக வாங்கிய சர்வரில் அதுதான் இருக்கிறது. பேப்பரில் டிடிஆர்3-1600 இருக்கட்டும். ஸ்கிரிப்ட் அதற்குத்தான் இருக்கிறது.

எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விரிவான மோடில் சிமுலேட்டர் நொடிக்கு இரண்டு லட்சம் ப்ராசஸர் கட்டளைகள் ஓட்டுகிறது என்று வையுங்கள். 3 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர்கள், சுழற்சிக்கு ஒரு கட்டளை என்றால் நிஜ மெஷினின் ஒரு நொடி என்பது 1,200 கோடி கட்டளைகள். அதைச் சிமுலேட்டரில் ஓட்ட 60,000 நொடி, பதினாறரை மணி நேரத்துக்கு மேல். ஸ்பெக் ப்ரோகிராம் ஒன்று நிஜத்தில் பல நிமிடம் ஓடும். முழுக்க ஓட்டினால் உங்கள் ஸ்காலர்ஷிப் அதற்கு முன்னால் முடிந்துவிடும். அதனால் கோருக்கு 10 கோடி கட்டளைகள் மட்டும் ஓட்டுவது வழக்கம். அதே கணக்கில் அது 33 மில்லிசெகண்ட். ஒரு முழு ரிஃப்ரெஷ் சுற்று 64 மில்லிசெகண்ட் என்று மேலே சொன்னேன் அல்லவா? பாதிச் சுற்றைப் பார்த்துவிட்டு, ரிஃப்ரெஷ் நடத்தையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவர்கள் உண்டு. எந்தப் பகுதியை ஓட்டினால் முழு ப்ரோகிராமையும் ஓட்டியது போலாகும் என்று கண்டுபிடிக்க 2002இலேயே சிம்பாயின்ட் என்று ஒரு முறை வந்துவிட்டது. பயன்படுத்தலாம். ஆனால் உங்களுக்குப் பிடித்த எண் எந்தப் பகுதியில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஹான்சன் குழு 2014இல் சிமுலேட்டரின் இந்த மந்த வேகத்துக்கும் ஒரு வழி சொல்லிவிட்டது என்பது எரிச்சலான செய்தி. ஒவ்வொரு சுழற்சியிலும் கன்ட்ரோலரை எழுப்பி "ஏதாவது வேலை இருக்கா" என்று கேட்காதே. நிகழ்வு நடக்கும்போது மட்டும் எழுப்பு, நடுவில் இருக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள் என்றார்கள். சிமுலேட்டர் வேகமாக ஓடியது, கன்ட்ரோலரின் போக்கும் மாறவில்லை. இதைக் கைடிடம் காட்டாதீர்கள். "சிமுலேஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது சார்" என்ற வாக்கியம் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கித் தருகிறது! ஜனவரியில் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது, ரூமிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அத்தனை கடை இருக்கும்போது, யாராவது வேகமான சிமுலேட்டர் கேட்பார்களா?

அளவுகோலைப் பற்றிச் சுருக்கமாக. எடையிட்ட வேகம் என்று ஒன்று, இசைச் சராசரி என்று ஒன்று, மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவரின் தாமதம் என்று ஒன்று. மூன்றையும் கணக்கிடுங்கள். எது நன்றாக வருகிறதோ அதுதான் முக்கியம் என்று முன்னுரையில் வாதாடுங்கள். கிராஃபின் செங்குத்து அச்சு 0.9இல் தொடங்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. நந்தனத்திலிருந்து சைதாப்பேட்டைப் பாலம் தாண்டினால் வந்துவிடும் ஐஐடியில், ரைஸ் குழு என்று ஒன்று இருக்கிறது. இப்போது இயக்குநராக இருக்கும் காமகோடி வழிநடத்திய சக்தி ப்ராசஸர் அங்கேதான் உருவானது. அவர்கள் ப்ளூஸ்பெக் மொழியில் எழுதி, ஓப்பன் சோர்ஸாக வெளியே வைத்து, அதைச் சிலிக்கானாகவும் மாற்றிவிட்டார்கள். 2018இல் ஒன்று இன்டெலின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் வந்து லினக்ஸ் ஓட்டியது. அதே ஆண்டு இன்னொன்று மொகாலியில் இருக்கும் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில் வந்தது. 2020இல் மௌஷிக் என்ற சிப். இவர்களில் யாரோடாவது டீக்கடையில் உட்கார நேர்ந்தால் கிரிக்கெட் பேசுங்கள். உங்கள் ஷெட்யூலர் ஒவ்வொரு சுழற்சியிலும் 64 கோரிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது என்று உளறிவிட்டால், "1.25 நானோசெகண்டுக்குள்ள அவ்வளவு கம்பாரிட்டரும் முடிஞ்சுடுமா ப்ரோ?" என்று சும்மாதான் கேட்பார்கள். சிமுலேட்டரில் அது ஒரு ஃபார் லூப். எத்தனை தரம் சுற்றினாலும் ஒரே சுழற்சிதான். அந்தக் கேள்வியோடு ரூமுக்குத் திரும்பினால் அன்றைக்குத் தூக்கம் வராது.

ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போகும். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு நந்தனத்தைத் தோண்டியிருக்கிறார்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பது தோண்டியவருக்கும் வாரியத்துக்கும் நடுவே உள்ள ரகசியம். மணிக்கு ஒரு முறை செக்பாயின்ட் எடுத்து வையுங்கள். இந்த ஒன்றை மட்டும் கிண்டலில்லாமல் சொல்கிறேன்.

பேப்பர் போய், ரிவ்யூ வந்துவிட்டது. ஒருவர் பிளிஸோடு ஒப்பிடச் சொல்வார். மேலே வழி சொல்லியிருக்கிறேன். இன்னொருவர் நிஜ ஹார்டுவேரில் அளக்கச் சொல்வார்; "அடுத்த கட்ட ஆய்வு" என்று எழுதுங்கள். மூன்றாமவர் ஒரு வரியில், "ரிஃப்ரெஷ் ஆன் செய்யப்பட்டிருந்ததா?" என்று கேட்பார். அவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். அவரும் ஒரு காலத்தில் இந்தக் கையேட்டைப் படித்தவர்தான். கோடைக் கேட்டால் பேப்பர் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் வெளியிடுவோம் என்று சொல்லிவிட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டதும் வேலை தேடப் போய்விடுங்கள்.

அப்புறம் ஒரு நாள், நீங்கள் பெங்களூரில் ஏதோ ஒரு சிப் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும்போது, அதே லேபிலிருந்து, அதே ஸ்கிரிப்டைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்ற ஜூனியர் போன் செய்வான்.

"அண்ணா, உங்க கோடை ஓட்டிப் பாத்தேன். பன்னண்டு வரலைண்ணா. ஒன்றரைதான் வருது."

"எந்த வெர்ஷன்ல கம்பைல் பண்ணினே?"

"ரீட்மீல இருக்கறதுதாண்ணா."

"சரி, ரைட் க்யூ வாட்டர்மார்க் எவ்ளோ வெச்சிருக்கே?"

"டிஃபால்ட்."

"ரெண்டுத்துக்குமா?"

"ரெண்டுத்துக்கும்தாண்ணா."

"அங்கதான்டா தப்பு பண்றே."